உழவு காளையின் தசை பருப்பது எப்படி?

திருவண்ணாமலை தீபத் திருவிழாச் சந்தையில் வாங்கிய இளங்காளைக்கு, சில மாத உழவிலேயே தோளும் தொடையும் திரண்டுவிடுவதை ரமணாசிரமப் பகுதி உழவர்கள் கண்டிருப்பீர்கள். தசைநார்களின் எண்ணிக்கை பிறந்தபின் பெரும்பாலும் கூடுவதில்லை. பளு கூடும்போது, ஒவ்வொரு நாருக்குள்ளும் புரதம் சேர்ந்து அதுவே தடிக்கிறது. இதயத் தசையும் அப்படியே. இதற்குத் தீனியில் புரதமும், போதிய ஓய்வும் வேண்டும். வெறும் வைக்கோலைப் போட்டு நாள் முழுதும் ஏர் ஓட்டினால் இருக்கிற தசையும் கரையும். 'உழைத்து இளைத்த மாடு' என்பது உண்மையில் தீனி குறைந்த மாடுதான். புதுக் காளையைக் காலையில் சிறிது நேரம் மட்டும் பூட்டிப் பழக்கி, வாரந்தோறும் வேலையைக் கூட்டுங்கள். கடலைப் பிண்ணாக்கும் சேருங்கள். நுகம் உராயும் கழுத்தில் தோல் காய்ப்பது வேறு, அது பலமல்ல. அங்கே வீங்கிச் சூடு கண்டால் வேலையை நிறுத்தி, கால்நடை மருத்துவரிடம் காட்டவும்.