ஏழையா, பாவமா?

ஆங்கிலத்தில் 'புவர்' என்னும் பெயரடைக்குப் பல பொருள்கள் உண்டு. ஒன்று, வறுமையுற்ற, மற்றொன்று, இரக்கத்திற்குரிய. அடிபட்ட நாயை ஆங்கிலத்தில் 'புவர் டாக்' என்பர். அதனை 'ஏழை நாய்' என மொழிபெயர்த்தல் பிழை. 'பாவம், அந்த நாய்' என்பதே தமிழ் மரபு.

மல்லேஸ்வரத்துச் சம்பிகே சாலையில் ஒரு முதியவரின் காய்கறிப் பை கிழிந்தால், கன்னடர் 'பாப' என்பர். தமிழர் 'பாவம்' என்பர். இவ்விரண்டும் தீவினையைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து பிறந்தவை. 'அவர் பாவம் செய்தார்' என்பதில் தீவினை. 'அவர் பாவம்' என்பதில் இரக்கம்.

பை கிழிந்தவர் செல்வராகவும் இருக்கலாம். அவரை 'ஏழை' என்றால் பொருள் பிழைக்கும். 'பாவம்' என்று கூறி, சிதறிய காய்களைப் பொறுக்கித் தருதலே அச்சொல்லுக்கு நிறைவு.