அசையாத தக்கையும் அடைத்துக்கொண்ட குழாயும்

நீரை வீட்டுக்குள் கொண்டுவரப் பெரும்பாடு படும் நாம், அதே நீர் வெளியே போகும் வழியைப் பற்றி அதிகம் எண்ணுவதில்லை. நம் திருவள்ளூர் மாவட்டம் சென்னை மாநகருக்கே தண்ணீர் தரும் மாவட்டம். கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம், சோழவரம், செங்குன்றம் ஏரிகள், 2020-இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் யாவும் இங்கேதான் உள்ளன. இத்தனை இருந்தும், ஒரு நாள் காலையில் குளியலறையில் கணுக்கால் அளவு சோப்பு நீர் நின்றுவிட்டால் வீடே கலங்கிப் போகிறது. விடுதி என்றால் கேட்கவே வேண்டாம். ஐந்து மணிக்கே வரிசையில் நிற்கும் மாணவியர் அனைவரும் அன்றைய பூசைக்கும் வகுப்புக்கும் பிந்திவிடுவர்.

இந்த அடைப்பை எப்படி நீக்குவது, அதற்குத் தடையாக இருக்கும் தக்கையை எப்படிக் கழற்றுவது என்பதையே இங்கு எடுத்துக்கொண்டோம். படுத்துக் குளிக்கும் பீங்கான் தொட்டி நம்மில் பலருடைய வீட்டில் இல்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் விருந்தினர் விடுதிகளிலும் நெடுஞ்சாலை ஓட்டல்களிலும் வேண்டுமானால் காணலாம். எனினும் துணி ஊறவைக்கும் சிமெண்டுத் தொட்டி, கை கழுவும் வாஷ்பேசின், சமையலறைத் தொட்டி ஆகிய எல்லாவற்றிலும் தத்துவம் ஒன்றே. அடியில் ஒரு துளை, துளையில் ஒரு தக்கை, அதற்குக் கீழே வளைந்த குழாய்.

தக்கை என்றதும் நம் ஏரிகளின் நினைவு வருகிறது. பழைய தமிழக ஏரிகளில் கரையை ஒட்டி நீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதுவே குமிழித் தூம்பு. தூண்களுக்கு நடுவே அடியில் கல்லால் ஆன ஒரு தொட்டி. அதன் மேற்பக்கத்தில் நீரோடித் துளை, கீழ்ப்பக்கத்தில் சேறோடித் துளை. நீண்ட கழியின் முனையில் பொருத்திய தக்கையை மேலே தூக்கினால் நீரோடி வழியே தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கும். அந்த வேகத்தில் சேறோடி வழியே வண்டலும் இழுபட்டுப் போகும். அதாவது, தண்ணீர் திறக்கும்போதெல்லாம் அடைப்பும் தானே நீங்குமாறு நம் முன்னோர் அமைத்திருக்கிறார்கள். இன்றைய குளியலறைக் குழாயை அமைத்தவர்களுக்கு இந்த யோசனை வரவில்லையே என்று எங்களுக்குத் தோன்றியதுண்டு!

ஏரித் தக்கையைத் தூக்குவது எளிய வேலையன்று. அதை நீர்க்கட்டி, கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயருடைய ஊழியர் செய்து வந்தனர். எவ்வளவு பலம் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளையின் பரப்பு ஏறத்தாழ 177 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் 3 மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால், தக்கையை அழுத்தும் எடை சுமார் 53 கிலோ. மேல் வகுப்பு மாணவி ஒருத்தியைத் தூக்குவதற்குச் சமம்! குளியல் தொட்டியின் தக்கையோ 4 சென்டிமீட்டர் விட்டம். நீரின் ஆழம் 30 சென்டிமீட்டர். அழுத்தும் எடை 400 கிராமுக்கும் குறைவு. ஆகவே வீட்டுத் தொட்டியின் தக்கை வர மறுத்தால் அதற்கு நீரின் அழுத்தம் காரணமாகாது. ஏதோ ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அது என்ன? முதலாவது சுண்ணாம்புப் படிவு. நம் பகுதியில் பல கிணறுகளின் நீர் கடினநீர். மீஞ்சூர்ப் பக்கத்தில் நிலத்தடியில் கடல்நீர் புகுந்து வருவது 1960-களின் இறுதியிலிருந்தே ஆராயப்பட்டு வருகிறது. அருகில் உள்ள காட்டுப்பள்ளியிலோ கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள நிலையம் 2010-இல் தொடங்கப்பட்டது. கடினநீரில் சோப்பு நுரைப்பதில்லை என்று வேதியியல் பாடத்தில் படிக்கிறோம். சோப்பில் உள்ள சோடியத்தின் இடத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்ள, நீரில் கரையாத வெண்ணிறக் கசடு உண்டாகிறது. பாடத்தில் அத்துடன் முடிந்துவிடும் அந்தக் கசடுதான் தக்கையின் விளிம்பிலும் திருகு மரையிலும் ஒட்டிக் கல்லாக இறுகுகிறது.

இரண்டாவது, நம் நீண்ட கூந்தல். முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது, எளிதில் மக்காது. தக்கையின் தண்டில் ஒரு முடி சுற்றினால் அடுத்த முடிக்கு அது கொக்கியாகிறது. அதன்மேல் சீயக்காய்த் தூளும் பயத்தமாவும் சேர்ந்து பசைபோல் ஆகின்றன. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் தன்மையது. மார்கழி மாதத்தில் புட்டியில் உறையும் எண்ணெய் குழாய்க்குள் மட்டும் உறையாதா? எண்ணெய் தேய்த்துக் குளித்த மறுநாள் தொட்டி மெதுவாக வடிவதற்குக் காரணம் இப்போது விளங்கும்.

இனிக் கழற்றும் வழி. முதலில் தொட்டியில் நிற்கும் நீரைச் செம்பால் முகந்து வாளியில் ஊற்றிவிட வேண்டும். பிறகு தக்கை எவ்வகையினது என்று பார்க்க வேண்டும். சங்கிலியில் கட்டிய ரப்பர் தக்கையில் வம்பில்லை. சங்கிலி அறுந்திருந்தால், மழுங்கிய கரண்டிக் காம்பை விளிம்பில் கொடுத்து நெம்பினால் வந்துவிடும். மேலே குமிழ் உள்ள உலோகத் தக்கையானால் அதைத் திறந்த நிலையில் வைத்து, குமிழை இடப்புறமாகச் சுழற்ற வேண்டும். சில வகைகளில் குமிழின் பக்கவாட்டில் கடுகு போன்ற சிறு திருகு ஒளிந்திருக்கும். ஆறுமுகச் சாவியால் அதைத் தளர்த்தினால்தான் குமிழ் அசையும். அந்தத் திருகைக் கவனியாமல் குமிழை முறுக்கி உடைப்பவரே அதிகம். காலால் அழுத்தினால் மூடி, மீண்டும் அழுத்தினால் திறக்கும் வகையில், மேல் மூடியைப் பிடித்து இடப்புறம் திருக, மூடியோ தண்டு முழுவதுமோ கழன்று வரும். துளையில் தக்கையே காணப்படாமல், தொட்டியின் பக்கச் சுவரில் ஒரு தகடும் நெம்புகோலும் மட்டும் இருந்தால், தக்கை உள்ளே குழாயில் தொங்குகிறது என்று கொள்க. தகட்டின் திருகுகளைத் திருப்புளியால் கழற்றித் தகட்டை மெல்ல இழுத்தால், கம்பியும் அதன் முனையில் தக்கையும், அதனோடு முடிக்கற்றையும் கூடவே வெளிவரும். பார்க்க அழகாக இராது. ஆனால் பாதி வேலை அப்போதே முடிந்துவிட்டது.

இடப்புறம் திருகியும் அசையவில்லையா? இங்கேதான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் பிட்டர்களின் அனுபவம் கைகொடுக்கிறது. துருப்பிடித்த நட்டை எந்த நல்ல பிட்டரும் எடுத்த எடுப்பில் முறுக்கமாட்டார். துருநீக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஓர் இரவு காத்திருந்து, மெல்லத் தட்டி, முதலில் சிறிது இறுக்கும் பக்கமாகவும் பிறகு தளர்த்தும் பக்கமாகவும் ஆட்டுவார். அந்தச் சிறு அசைவில் படிவு நொறுங்குகிறது. எண்ணெய் உள்ளே இறங்குகிறது. நம் தக்கையைப் பிடித்திருப்பது சுண்ணாம்பு என்பதால் எண்ணெயைவிடப் புளிப்பு ஏற்றது. வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ துணியை நனைத்துத் தக்கையைச் சுற்றி வைத்துவிட வேண்டும். சிறு குமிழிகள் எழுவது சுண்ணாம்பு கரைவதன் அடையாளம். சில மணி நேரம் பொறுத்து, தக்கைக்கும் பிளையருக்கும் இடையே தடித்த துணி கொடுத்துத் திருக வேண்டும். இல்லையேல் பளபளக்கும் மேற்பூச்சு வழண்டு போகும். பழைய ரப்பர்க் கையுறை ஒன்று இருந்தால் பிளையரே வேண்டாம். வழுக்காத பிடி கிடைக்கும்.

தக்கை வந்தபின், நுனியைக் கொக்கிபோல் வளைத்த கம்பியை உள்ளே விட்டு முடியைச் சுழற்றி இழுக்க வேண்டும். கீழே தள்ளிவிடுவது மிகத் தவறு. வளைவில் போய்ச் சிக்கி இன்னும் இறுகும். மீதி அடைப்புக்குக் கம்பு செருகிய ரப்பர்க் கிண்ணம் போதும். துளையின் மேல் அதைக் கவிழ்த்து, விளிம்பு மூழ்கும் அளவு நீர் விட்டு, மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். நீர் சுருங்காத பொருள். ஆகையால் நாம் கொடுக்கும் அழுத்தம் அப்படியே அடைப்பைச் சென்று தாக்கும். தொட்டியின் பக்கத்தில் வழிதுளை இருந்தால் அதை ஈரத்துணியால் அடைத்துவிட மறக்கக் கூடாது. அந்த வழியே காற்று வெளியேறினால் நாள் முழுவதும் குத்தினாலும் பயனில்லை. கொதிநீர் ஊற்றலாமா என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. பழைய வார்ப்பிரும்புக் குழாயானால் ஊற்றலாம். பி.வி.சி. குழாய் 80 டிகிரி வெப்பத்திலேயே இளகிவிடும் என்பதால், கை பொறுக்கும் சூடே போதும். ஆப்ப சோடாவும் வினிகரும் சேர்த்து ஊற்றச் சொல்லும் குறிப்புகளில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. நுரை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கடைசியில் உப்புநீராகிவிடும்.

வளைந்த குழாய் எதற்கு, நேர்க்குழாயானால் அடைப்பே வராதே என்று கேட்கலாம். அந்த வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கி, சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வராமல் காக்கிறது. அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர் 1775-இல் லண்டனில் இதற்குக் காப்புரிமை பெற்றார். நம் குளியலறைத் தரையில் கொத்தனார் பதிக்கும் நானி டிராப்பும் அதே வேலையைச் செய்வதே. கோடை விடுமுறை முடிந்து திரும்பும்போது அறை நாறினால், பெரும்பாலும் அந்த நீர் வற்றியிருக்கும். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நின்றுவிடும்.

கத்தோலிக்கக் கோயில்களில் பூசைப் பாத்திரங்கள் வைக்கும் அறையில் தனியாக ஒரு சிறு தொட்டி இருப்பதை அருட்சகோதரியர் அறிவர். பீடத்துணிகளை முதலில் அலசிய நீரை அதில்தான் ஊற்றுவார்கள். அதன் குழாய் சாக்கடையில் சேராமல் நேரே மண்ணுக்குள் இறங்கும். மற்ற எந்த அழுக்கும் அதில் இறங்காது. நமது குளியலறைக் குழாய்க்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. சிறுமியர் கட்டாயம் படிக்க வேண்டும். அடைப்பு நீங்கவில்லை என்று கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டை ஊற்றி, அதுவும் போதாமல் பிளீச்சிங் பவுடரைத் தூவுவோர் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே போர்முனையில் வீரர்களை மூச்சுத் திணறச் செய்து கொன்றது இதே வாயுதான். கதவு மூடிய சிறு குளியலறையில் அது எவ்வளவு விரைவில் நெஞ்சை அடைக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். காஸ்டிக் சோடா முடியைக் கரைக்கும் என்பது உண்மை. கண்ணையும் தோலையும் கரைக்கும் என்பதும் உண்மை. அதைப் பெரியவர்களே, கையுறையும் கண்ணாடியும் அணிந்து கையாள வேண்டும். முன்பு ஒருவர் ஏதாவது ஊற்றியிருக்கிறாரா என்று கேட்டறியாமல் வேறு எதையும் ஊற்றலாகாது.

குழாய்க்குள் அடைப்பு இல்லை, வெளியே உள்ள கழிவுத்தொட்டியே நிரம்பிவிட்டது என்றால், அப்போது செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. கூலி கொடுத்து ஓர் ஆளைக் குழிக்குள் இறக்குவதுதான் அது. மூடிய குழியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கியிருக்கும். சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும் அது, மிகுந்துவிட்டால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போனவரும் விழ, இப்படி ஒரே குழியில் இருவர் மூவர் இறந்த செய்திகளைத் தமிழகத்தில் எத்தனையோ முறை படித்துவிட்டோம். பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஆளை இறக்கிச் சாக்கடையையோ கழிவுத்தொட்டியையோ சுத்தம் செய்விப்பதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. அவ்வாறு இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டுக் குழாயால் உறிஞ்ச வேண்டும். லாரி வர இரண்டு நாள் ஆனாலும் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த இரண்டு நாளும் தேங்கிய நீரை மூடி வைப்பது நல்லது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அழுக்கு நீரில்தான் முட்டையிடுகிறது.

அடைப்பு நீங்கியதும் தக்கையைத் திரும்பப் பொருத்துவதில் அவசரம் வேண்டாம். பழைய பல் துலக்கும் பிரஷால் மரையைத் தேய்த்துக் கழுவி, வாஷர் வெடித்திருந்தால் புதியது மாற்றி, கையால் திருகும் இறுக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிளையரால் இறுக்கினால் அடுத்த முறை கழற்றுபவர் நம்மைத் திட்டுவார். பிறகு தொட்டியில் அரை வாளி நீர் நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, நீர் சுழித்து இறங்குகிறதா என்று பார்க்கலாம். வாஷ்பேசினானால் அடியில் உள்ள குழாய் மூட்டுக்குக் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்து, அரை மணி கழித்து அதில் ஈரப்பொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.