காஞ்சிப் பட்டும் ஒழுங்குப் புரதங்களும்

காஞ்சிமாநகரில் வாழும் நமக்குத் தறியோசை புதிதன்று. கன்னட நாட்டிலிருந்து வரும் கச்சாப் பட்டு, சாயத்தில் தோய்க்கப்படுமுன், சவர்க்காரமும் சோடாவும் கலந்த கொதிநீரிற் காய்ச்சப்படுதலையும் கண்டுள்ளோம். அப்பொழுது நூலின்மேல் உள்ள பசை கரைந்தொழிய, பளபளப்பான இழை எஞ்சுகின்றது. நிறையில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு இங்ஙனம் குறையும். கரைந்த பசைக்குச் செரிசின் என்றும், எஞ்சிய இழைக்கு ஃபைப்ராயின் என்றும் பெயர். இரண்டும் புரதங்களே, இரண்டும் புழுவின் பட்டுச் சுரப்பியிலேயே தோன்றுகின்றன. ஆயினும், அச்சுரப்பியின் பின்பகுதி இழையை ஆக்க, நடுப்பகுதி பசையை ஆக்கி அதன்மேற் பூசுகின்றது. இவ்வேற்றுமை எங்ஙனம் வந்தது? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஒவ்வோரிடத்தும் அதற்குரிய மரபணு மட்டுமே உளதோ எனின், அன்று. புழுவின் உயிரணுக்கள் யாவும் ஒரே கருவினின்று பிறந்தவை. ஒவ்வொன்றும் எல்லா மரபணுக்களையும் தாங்கியுள்ளது. இழை மிகுதியாக வேண்டப்படுதலின், அதற்குரிய மரபணு பின்பகுதியில் தனித்துப் பெருகியிருக்குமோ என ஐயுற்று, சுசுகி, கேஜ், பிரௌன் என்னும் மூவர் 1972ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். அங்ஙனம் பெருகவில்லை எனக் கண்டனர். ஆகவே, வேற்றுமை மரபணுவின் இருப்பில் இல்லை. அது படியெடுக்கப்படுவதிலேதான் உள்ளது.

ஜக்கார்டுத் தறியை நோக்குக. பாவிழைகள் யாவும் ஒருங்கே நிற்பினும், எவ்விழை எப்பொழுது உயர வேண்டுமென்பதைத் துளையிட்ட அட்டைகளே வகுக்கின்றன. உயிரணுவில் அத்தொழிலைச் செய்வன ஒழுங்குப் புரதங்கள். அவை மரபணுவின் அருகிலுள்ள குறித்த இடங்களைப் பற்றி, அது படியெடுக்கப்படுதலைத் தூண்டுகின்றன, அல்லது தடுக்கின்றன.

நடுப்பகுதியிற் பசை மரபணுவைத் தூண்டுவனவற்றுள் ஒன்று ஆன்டென்னபீடியா என்பது. பழ ஈயின் தலையில் இப்புரதம் தவறித் தோன்றின், உணர்கொம்பு முளைக்குமிடத்திற் கால் முளைக்கும்! 2016ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் சிலர் இதனைப் பட்டுச் சுரப்பியின் பின்பகுதியில் தோன்றச் செய்தனர். இழைக்கே உரிய அவ்விடத்திலும் பசை மரபணு விழித்தெழுந்தது.

இடத்திற்கன்றிக் காலத்திற்கும் ஒழுங்கு உண்டு. புழு நான்கு முறை தோலுரிக்கும். அக்காலங்களில் இழை மரபணு அடங்கிக் கிடந்து, புழு மீண்டும் தழையுண்ணத் தொடங்கியபின் எழுகின்றது.

உவமைக்கும் எல்லை உண்டு. அட்டையைத் துளைப்பவர் தறிக்குப் புறத்தே நிற்கின்றார். ஒழுங்குப் புரதமோ தானும் ஒரு மரபணுவின் ஆக்கமே. அம்மரபணுவை எழுப்ப வேறொரு புரதம் முந்தியிருத்தல் வேண்டும். இங்ஙனம் பின்னோக்கிச் செல்லின், தாய்ப்பூச்சி முட்டையுள் வைத்த பொருள்களைச் சென்றடைவோம்.

மக்கள் உடம்பும் இம்முறைக்குப் புறம்பன்று. பாக்ஸ்-6 என்னும் ஒழுங்குப் புரதத்தின் மரபணுப் படிகள் இரண்டனுள் ஒன்று பழுதுறினும், குழந்தை கண்மணியைச் சூழ்ந்த நிறத்திரை இன்றிப் பிறத்தல் கூடும். புழுவின் சுரப்பியை ஆராய்தல் வீண் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு இதுவே சான்று. கொதிகலத்திற் பசையும் இழையும் பிரியக் காணுங்கால், அவை புழுவின் உடலிலேயே இடம் பிரித்து வகுக்கப்பட்டவை என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.