சீரங்கப்பட்டணப் போர்க்களம் காணச் செல்வோம்

மைசூரில் வாழும் தமிழன்பர்களில் சீரங்கப்பட்டணம் சென்றிராதவர் அரியர். காவிரியில் நீராடி, அரங்கநாதரைத் தொழுது, நிழல் கண்ட இடத்தில் புளியோதரை உண்டு, மாலை வண்டியில் திரும்புவது நம் குடும்பங்களின் வழக்கம். அக்கோவிலைச் சூழ்ந்து ஒரு போர்க்களம் கிடப்பதை நாம் எண்ணுவதில்லை. சென்ற முறை நம் சங்கத்தார் குழுவாகச் சென்றபொழுது வழிகாட்டி ஒருவர் புலிக்கதைகளையே சொல்லிக்கொண்டு வந்தார். உடன் வந்த சிறுமி ஒருத்தி, "இந்தச் சண்டையில் நம்மவர்கள் எந்தப் பக்கம் இருந்தார்கள்?" என்று வினவினாள். அவர் சிரித்து மழுப்பினார். பெரியவர்களாகிய நாமும் விடையறியாது நின்றோம். அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

வரும் கோடையில் மீண்டும் செல்லக் கருதியுள்ளோம். வெயிலுக்கு அஞ்சித் தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பர் சிலர். நமக்கு அது உடன்பாடன்று. 1799ஆம் ஆண்டு ஏப்ரலில் முற்றுகையிட்ட ஜெனரல் ஹாரிஸ், மழை தொடங்கி ஆறு பெருகுமுன் கோட்டையைப் பிடித்தாக வேண்டிய நெருக்கடியில் இருந்தார். கோடையில் பாறை தெரியும் ஆற்றைக் கண்டால்தான் அது விளங்கும். ஆனால் மேலே கிருஷ்ணராஜசாகர் அணை இருப்பதால், நீர் திறக்கும் நேரமறியாது குழந்தைகளை ஆற்றில் இறங்க விடலாகாது.

மைசூரிலிருந்து இரயிலில் அரைமணிப் பயணம். நிலையத்தினின்று முதலில் கோட்டையின் மேற்குப் புறம் செல்வோம். மதில் பிளந்த இடத்தருகே நினைவுத்தூண் நிற்கிறது. மே 4ஆம் நாள் நண்பகலில், காவலர் உண்டு இளைப்பாறும் வேளை பார்த்து, நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் ஆற்றைக் கடந்து இங்கே ஏறினர். அவருள் பெருந்தொகையினர் இந்தியச் சிப்பாய்கள். தலைமை தாங்கிய பேர்டு என்பவர், முன்னர் மூன்றாண்டுகளுக்கு மேல் இதே ஊரில் சிறையிருந்தவர்! அடுத்து, திப்பு சுல்தானின் உடல் கிடைத்த இடம்; பிறகு நிலவறைச் சிறை. வழியில், இரட்டை இருப்புப்பாதைக்காக 2017இல் இடம் பெயர்த்த ஆயுதக் கிடங்கையும் காணலாம். ஆயிரம் டன் அளவுள்ள கட்டடத்தை இடிக்காமல் நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தினர். இரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரியும் நமக்கு அதில் ஒரு தனிப் பெருமை உண்டு, பொறுத்தருள்க.

நண்பகலில் கோவிலும் உணவும். பிற்பகல் தரியா தௌலத் மாளிகை. இங்குதான் சிறுமியின் வினாவுக்கு விடை இருக்கிறது. மேற்குச் சுவரில் பெரிதாய்த் தீட்டியிருக்கும் போர், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10இல் நடந்தது. ஐதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தனர். பல்லக்கில் இருப்பவர் பெய்லி. வெடித்துச் சிதறுவது அவர்தம் வெடிமருந்து வண்டி. அவர் படையில் பெரும்பாலோர் தென்னாட்டுச் சிப்பாய்களே. அவ்வாண்டு ஐதர் படையால் நம் ஊர்களும் வயல்களும் எரிந்தன. ஆயின் அதே 1780இல் வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டது ஐதரின் துணைகொண்டு. 1806 ஜூலை 10இல் வேலூர்க் கோட்டையில் எழுச்சி செய்த கம்பெனிச் சிப்பாய்கள் ஏற்றியது திப்புவின் கொடியை. நம்மவர்கள் இரு பக்கமும் இருந்தனர் என்று அச்சிறுமிக்கு அச்சுவரின் முன் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

நம் உறவினர் பலர் வாழும் தென்னாப்பிரிக்கக் குவாசூலு-நேட்டாலிலும் இத்தகைய களமொன்றுண்டு. இசாண்டில்வானாவில் 1879 ஜனவரி 22இல் சூலு வீரர் ஆங்கிலப் படையை வென்றனர். மாண்ட ஆங்கிலேயருக்கு வெண்கற் குவியல்கள் நெடுங்காலமாய் உள்ளன. மாண்ட சூலு வீரர்க்கு நினைவுச் சின்னம் எழுந்ததோ 1999இல்தான். புள்ளலூரில் மடிந்த சிப்பாய்களின் பெயரை நாம் எங்கே தேடுவது?

இறுதியாகக் கும்பஸ். ஐதர், அவர் மனைவி, திப்பு மூவரும் அங்கே துயில்கின்றனர். அருகில் பெய்லிக்கும் ஒரு நினைவுமண்டபம் உண்டு. அதைக் காணாமல் திரும்புவோரே மிகுதி.

வழிகாட்டியிடம் இவ்விவரங்களை முன்கூட்டியே பேசி வைப்பது நன்று. வர விரும்பும் குடும்பத்தார் சங்கச் செயலாளரிடம் பெயர் தருக. கட்டுச்சோறு, குடை, முதியோர்க்கு ஒரு மடக்கு நாற்காலி, குடிநீர் ஆகியவற்றை மறவாதீர்.