முன்பக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

எங்களுக்குப் பெரம்பலூர். லீவு விட்டால் போதும், சென்னையிலிருந்து நாத்தனார் குழந்தைகளோடு வந்துவிடுவாள். "அண்ணி, இந்தத் தடவை எங்கே கூட்டிட்டுப் போறீங்க?" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள். 2024 மே மாதம் அப்படிக் கிளம்பிய பயணத்தில் நான் கற்ற பாடத்தை உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும்.

புத்தகம்

குழந்தைகளுக்காகப் பெரம்பலூர் புத்தகத் திருவிழாவில் முன்பே ஒரு புத்தகம் வாங்கி வைத்திருந்தேன். பளபளவென்று அட்டை, உள்ளே எறும்பு மாதிரி எழுத்து! நாத்தனாரின் பெரிய பெண் இரண்டு பக்கத்தோடு மூடிவிட்டாள். எனக்கென்று வாங்கிய அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' பழைய மோஸ்தர் அட்டை. ஆனால் படிக்க எடுத்தால் சமையல் மறந்துபோகும். 1963-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற, ராஜேந்திர சோழன் கதை. இரவில் அதைக் கதையாகச் சொன்னபோது, "அப்புறம் என்ன ஆச்சு அத்தை?" என்று அந்தப் பெண் தூங்கவே இல்லை. இப்போதெல்லாம் நடுவில் ஒரு பக்கம் படித்துப் பார்க்காமல் நான் புத்தகம் வாங்குவதில்லை.

தங்குமிடம்

முதல் நாள் சாத்தனூர் கல்மரம். சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தைய மரம், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. மறுநாள் கங்கைகொண்ட சோழபுரம் போவதாகத் திட்டம். ராத்திரிக்கு அரியலூரில் தங்கினோம்.

லாட்ஜ் வாசலில் சலவைக்கல், வண்ண விளக்கு. இவர் உடனே பணத்தைக் கட்டிவிட்டார். உள்ளே போனால் குளியலறை ஜன்னலுக்குக் கொக்கி இல்லை, குழாய்த் தண்ணீரில் பாசி வாடை. பெண்கள் தங்கும் இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது குளியலறையும் தாழ்ப்பாளும்தான். தலையணை உறையைக் கழற்றிப் பாருங்கள், குழாயைத் திறந்து பாருங்கள். பணம் அதற்குப் பிறகு!

பானம்

அன்று ராத்திரி நாத்தனாரின் நாலு வயதுப் பையனுக்கு வாந்தி, பேதி. தண்ணீரா, வழியில் சாப்பிட்ட பழத்துண்டா, யார் கண்டது? இவர் ஓடிப்போய்க் கடையில் ஒரு டப்பா பானம் வாங்கிவந்தார். முன்பக்கத்தில் பெரிதாக 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்து, பக்கத்தில் பழப் படம். நிம்மதியாகக் கொடுத்தோம். குழந்தையும் இனிப்பாக இருக்கிறதென்று மடக் மடக்கென்று குடித்தது. பேதி நிற்கவில்லை, அதிகமாயிற்று. விடிவதற்குள் கண்கள் உள்ளே போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டப்பாவைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்துப் பொடி எழுத்தில், 200 மில்லிக்கு 20 கிராமுக்கு மேல் சர்க்கரை! உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பு-சர்க்கரைக் கரைசலில் ஒரு லிட்டருக்கே 13.5 கிராம் குளுக்கோஸ்தான். "சர்க்கரை அதிகமானா உடம்புத் தண்ணியைக் குடலுக்குள்ள இழுக்கும்மா. பேதி கூடத்தான் செய்யும்" என்றார். நாத்தனார் அழுதுவிட்டாள். எனக்கும் கை நடுங்கியது.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே தருகிறேன். ஒரு லிட்டர் பொட்டலமாக இருந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கலாம். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. உப்புப் போட்ட கஞ்சி, மோர் நல்லது. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

இந்த ஏமாற்றை எதிர்த்து ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடினார். 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவன அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போடக்கூடாதென இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பழைய சரக்கு எங்காவது இருக்கலாம். திருப்பிப் பார்த்தே வாங்குங்கள். புகார் சொல்ல 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

அந்தத் தடவை பாதியிலேயே வீடு திரும்பினோம். அடுத்த பொங்கல் லீவில்தான் கங்கைகொண்ட சோழபுரம் போனோம். சண்டேசருக்குச் சிவபெருமான் தலையில் பூச்சூட்டும் சிற்பத்தின் முன் பையன் ஓடியாடிக்கொண்டிருந்தான். என் கைப்பையில் கொதிக்க வைத்த தண்ணீரும், இரண்டு பொட்டலமும். இப்போதெல்லாம் அவை இல்லாமல் நான் வாசல்படி தாண்டுவதில்லை.