கொட்டகை உத்திரம்: வெயிலில் நீளும் இரும்புக்கு இடம் வேண்டும்

மாட்டுக் கொட்டகையும் தானிய அறையும் கட்டும்போது பனை, வேம்பு உத்திரங்களுக்குப் பதிலாக இரும்பு கர்டர் போடும் விவசாயிகள் உண்டு. கரையான் அரிக்காது, நெடுநாள் உழைக்கும். ஆனால் ஓரிரு கோடை கழிந்ததும் சில கட்டடங்களில் சுவர் வெடிக்கிறது. அஸ்திவாரம் இறங்கினாலும் வெடிப்பு வரும். வெடிப்பு கர்டரின் முனையை ஒட்டியே இருந்தால் வெயிலையும் சந்தேகிக்க வேண்டும்.

வண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் பட்டா மாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாகச் செய்த பட்டா, நெருப்பில் காய்ந்ததும் விரிந்து சக்கரத்தில் ஏறுகிறது. தண்ணீர் ஊற்றியதும் சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கிறது. கர்டரும் அப்படித்தான் பகலில் நீண்டு இரவில் சுருங்குகிறது.

14 டன் நெருக்கல்

6 மீட்டர் நீளமுள்ள கர்டர் விடியற்காலையில் 25 டிகிரி செல்சியஸ் இருக்கிறது. பிற்பகலில் தகரக் கூரையின் கீழ் 55 டிகிரி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நீள்வது 2 மி.மீ.க்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் இரு முனைகளும் அசைய முடியாதபடி இறுகியிருந்தால், 15 செ.மீ. உயரமுள்ள சாதாரண கர்டர் ஏறத்தாழ 14 டன் விசையுடன் நெருக்கும். செங்கல் சுவர் இதைத் தாங்காது. விலகும் அல்லது வெடிக்கும்.

செய்ய வேண்டியவை

கர்டரின் இரு முனைகளுக்கும் அடியில் கான்கிரீட் கட்டை வைக்க வேண்டும். ஒரு முனையை மட்டும் போல்ட் போட்டு இறுக்கலாம். மறு முனை நகர இடம் வேண்டும். அந்த முனைக்கு எதிரே அரை அங்குல இடைவெளி விட்டு, அதைக் கலவையால் அடைக்காமல் விட வேண்டும். அங்கு போல்ட்டுக்கு வட்டத் துளைக்குப் பதில் நீளத் துளை போட்டால் கர்டர் நகரும். காற்றில் கூரையும் தூக்காது. நகரும் முனை கட்டையின் மீது 20 செ.மீ. அளவுக்கு நன்றாக உட்கார்ந்திருப்பது அவசியம். பெரிய பாலங்களிலும் ஒரு முனையை நகர விடுவது இதற்காகவே.

வைக்கோலும் நெருப்பும்

இரும்பு எரியாது என்று நம்பி, கொட்டகைக்குள் வைக்கோலை உத்திரம் தொட அடுக்குவது ஆபத்து. 550 டிகிரி சூட்டை எட்டும்போது இரும்பின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே கர்டர் 3 செ.மீ.க்கு மேல் நீண்டு சுவரை வெளியே தள்ளும். போரைக் கொட்டகைக்கு வெளியே தள்ளிப் போடுவதே நல்லது. தீயில் வளைந்த கர்டரை நிமிர்த்தி மீண்டும் ஏற்றக் கூடாது.

கூரை போடும் முன் கொத்தனாரிடம் இந்த அரை அங்குலத்தைக் கேட்டு வாங்கிவிட்டால், செலவு ஏதுமின்றிச் சுவரும் பிழைக்கும். அதன் கீழ் கட்டிய மாடும் பிழைக்கும்.