மலையடிவாரமும் மனையிடமும்



சிலிபின் மக்களாகிய நாம் தைப்பூசத்தன்று சென்று வழிபடும் கல்லுமலை ஆலயம், குனோங் சீரோ என்னும் சுண்ணாம்புக்கல் மலையோரம் அமைந்துள்ளது. 1973ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் அம்மலையின் செங்குத்துப் பாறை பெயர்ந்து, அடிவாரத்து வரிசை வீடுகளின்மீது வீழ்ந்தது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர்.

பாறை வீழ்வதேன்? மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சற்றே அமிலத்தன்மை பெறுகிறது. அந்நீர் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. விரிசல்கள் அகல்கின்றன, பிடிப்பிழந்த பாறை ஒருநாள் சரிகிறது. கிந்தா பள்ளத்தாக்கில் நிலத்தடியிலும் இக்கல்லே பரவியுள்ளது. அதிலுள்ள பொந்துகளுக்குள் மேல்மண் இறங்கினால் தரை குழிந்துவிடும். உடைந்த குழாயின் நீர்க்கசிவும் மண்ணை அரித்து அதனை விரைவுபடுத்தும்.

ஆகவே, வீடு எங்கே, சாலை எங்கே, திறந்தவெளி எங்கே என முன்னரே வகுத்தல் இன்றியமையாதது. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, கட்டடம் எழுப்புமுன் ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதி பெற வேண்டும்.

தோட்டத்தை விட்டு நகரில் வீடு தேடும் பெற்றோர்களே! மலிவான மனையென்று மயங்காதீர்கள். அந்நிலம் எதற்கென ஒதுக்கப்பட்டது என மன்றத்தில் கேட்டறியுங்கள். மாணவர்களே! தரையில் புதுக்குழியோ குழாய்க் கசிவோ கண்டால், அருகிற் செல்லாது பெரியோரிடம் உடனே கூறுங்கள். வருமுன் காப்பதே அறிவுடைமை.